பம்பளிமாஸும் பிரஷர் மாத்திரையும்

சிம்பாங் பூலாய்
13.1.1985

அன்புள்ள சக்கீனாவுக்கு,

மங்களம் எழுதுவது. ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாங்கள் எங்கே போனோம் என்றுகூட உனக்குச் சொல்லவில்லை. கோபமாகத்தான் இருப்பாய். நாங்கள் வெகுதூரம் போகவில்லை. சிம்பாங் பூலாய் சாலை ஓரத்தில் லிமாவ் பாலிக் கடை போட்டிருக்கிறோம், நானும் என் மாமியார் கருப்பம்மாளும். நீ பேப்பரில் பம்பளிமாஸ் என்று எழுதியிருந்தாயே, அதே பழம்தான். என் வீட்டுக்காரர் சன்னாசி கல் குவாரியில் லாரி ஓட்டுகிறார். பால் மரத்தை விட்டு வந்தவளுக்குப் பழம் கை கொடுத்திருக்கிறது.

போன வாரம் ஒரு சாமான் கட்டி வந்த பேப்பரில் உன் பெயரைப் பார்த்தேன். "சக்கீனா ரஹீம், ஆராய்ச்சிக் கூட உதவியாளர், பினாங்கு" என்று போட்டிருந்தது. தோட்டத்துக் கடை ரஹீம் மாமா மகள்தானே என்று அத்தையிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். பம்பளிமாஸின் கசப்பில் நரிஞ்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது இரத்தக் குழாய்களைக் காக்கும் என்று எழுதியிருந்தாய். அத்தை கேட்டுவிட்டு, "அப்ப நம்ம விக்கிறது மருந்தாடி! சும்மா பழம்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அந்தக் கட்டுரையை வெட்டி அட்டையில் ஒட்டிக் கடை முன்னால் தொங்கவிட்டிருக்கிறேன். சீனப் பெருநாள் வருகிறது. கார்கள் நிற்கின்றன. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் இறங்கி வாசிக்கிறார்கள்.

அத்தைக்கு இரண்டு வருடமாகப் பிரஷர். போன மாதம் ஈப்போவில் டாக்டர் மாத்திரையை மாற்றினார், புதிதாக வந்ததாம். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும் என்று இப்போது காலையில் ஒரு முழுப் பழம் உரித்துத் தின்கிறார். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டால் சரி? நீ சொன்னால்தான் கேட்பார்.

உன் பழைய
மங்களம்

பினாங்கு
24.1.1985

அன்புள்ள மங்களத்துக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். கோபம் இருந்தது உண்மை. இப்போது இல்லை. என் அத்தா, உன் ரஹீம் மாமா, போன வருடம் காலமாகிவிட்டார். உனக்கு எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

நான் வேலை செய்வது ஒரு பழச்சாறு கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில். பம்பளிமாஸ் தோலையும் சுளை மேல் இருக்கும் வெள்ளைச் சவ்வையும் ஊறவைத்து, வடிகட்டி, அந்தக் கசப்பைத் தனியாகப் பிரித்தெடுக்கிறோம். வெளிர் மஞ்சளாக, மாவு போல இருக்கும். அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். எலிகளுக்கு இரத்தத்தில் கொழுப்புக் குறைவது போலத் தெரிகிறது. குழாய்களும் உறுதிப்படலாம். மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. "நன்மை செய்யலாம்" என்றுதான் நான் எழுதினேன். அச்சில் "நன்மை செய்யும்" என்று வந்துவிட்டது. ஒரு வார்த்தைதானே என்று விட்டுவிட்டேன்.

அதற்காக நீ அட்டையைக் கழற்ற வேண்டாம். எங்கள் தலைவர் ஜஹாங்கீர் சார் இதை நல்ல சாறாக்கி அடுத்த வருடம் புட்டியில் அடைக்கப் போகிறார். செப்டம்பரில் வானொலியில் பெண்கள் நேரத்தில் என்னைப் பேசவும் சொல்லியிருக்கிறார்.

அத்தை மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பழம் தினமும் சாப்பிடலாம். பழம்தானே, கெடுதல் ஒன்றும் வராது. அதற்கு நான் பொறுப்பு.

அன்புடன்
சக்கீனா

சிம்பாங் பூலாய்
10.3.1985

சக்கீனாவுக்கு,

அத்தை விழுந்துவிட்டார்.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள். காலை பத்து மணி இருக்கும். ஒரு சீன முதலாளி, தவுக்கே, ஆறு பழம் கேட்டார். அத்தை குனிந்து எடுத்துக்கொண்டே, "மங்களம், கண்ணு இருட்டுதுடி" என்றார். நான் திரும்புவதற்குள் பழக்குவியல் மேல் சாய்ந்து, அப்படியே தார்ச்சாலையில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தவுக்கேதான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே பிரஷர் பார்த்தார்கள். கூடியிருக்கும் என்று நினைத்தேன். எண்பதுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. "எத்தனை மாத்திரை முழுங்கினீங்க? ரெண்டா, மூணா?" என்று அந்த டாக்டர் அதட்டினார். அத்தை படுத்துக்கொண்டே, "ஒண்ணுதான்லா! ஒண்ணுக்கு மேல தின்ன நான் என்ன கச்சான் கடலையா திங்கிறேன்?" என்றார். மாத்திரையை எடுத்துக் கொடுப்பவள் நான். வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். கணக்குக்கு மேல் ஒன்றுகூடக் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கவனமாகப் படி. விழுவதற்கு முன்னும் சில நாள் காலையில் தலை சுற்றுகிறது என்பார், வெயில் என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார். அதே மாத்திரைதான் கொடுத்தார்கள். முதல் நாள் மட்டும் தலை சுற்றல், அப்புறம் இல்லை. அங்கே லிமாவ் பாலி யார் கொடுப்பார்கள்? வீட்டுக்கு வந்த மறுநாள் வழக்கம்போல ஒரு பழம் தின்றார், மாத்திரை போட்டார். ஒரு மணி நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பழத்தை நிறுத்தினேன். நான்கு நாளாக ஒன்றும் இல்லை.

பழம் இப்படிச் செய்யுமா? உன் இடத்தில் கேட்டுச் சொல்.

மங்களம்

பினாங்கு
15.3.1985

அன்புள்ள மங்களம்,

அத்தையின் கை எப்படி இருக்கிறது? படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

ஜஹாங்கீர் சாரிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். பம்பளிமாஸ் சாப்பிட்டு யாருக்கும் பிரஷர் எண்பதுக்கு இறங்கியதில்லை, சீனர்கள் எத்தனை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள் என்றார். எங்கள் எலிகளுக்கும் அப்படி ஆகவில்லை. நான்கு புத்தகம் புரட்டினேன், எங்கேயும் இல்லை.

வயதானவர்கள் காலையில் போட்ட மாத்திரையை மறந்து இன்னொன்று போடுவது சாதாரணம். பழைய மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்திருக்கலாம். அன்றைக்கு வெயில், பெருநாள் அலைச்சல், வெறும் வயிறு. இவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு காரியம் அடுத்தடுத்து நடந்ததால் ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று முடிவு கட்டக் கூடாது, மங்களம். காரணம் கண்டுபிடிப்பதற்குப் பயிற்சி வேண்டும். அதை டாக்டர்களிடம் விட்டுவிடு.

தப்பாக நினைக்காதே.

சக்கீனா

சிம்பாங் பூலாய்
2.4.1985

சக்கீனாவுக்கு,

பழைய மாத்திரை ஒன்றும் வீட்டில் இல்லை. மாற்றிய அன்றே டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். அத்தை வெறும் வயிற்றிலும் இல்லை, மூன்று தோசை தின்றிருந்தார். இதையெல்லாம் என்னிடம் கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை.

பயிற்சி வேண்டும் என்றாய். பதினெட்டு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள் நான். எந்த மரம் எந்த நாளில் எவ்வளவு பால் விடும், மழை பெய்தால் எவ்வளவு குறையும் என்று பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு யாரும் சர்டிபிகேட் தரவில்லை. ஆனால் தெரியும்.

உன் கட்டுரை ஒட்டிய அட்டையைக் கழற்றிவிட்டேன். காட்டுவதற்கு என் கையில் ஏதாவது இருக்கும்போது எழுதுகிறேன். அதுவரை எழுத மாட்டேன்.

மங்களம்

சிம்பாங் பூலாய்
30.6.1985

சக்கீனாவுக்கு,

இதோடு ஒரு நோட்டுப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். ரிஜிஸ்தர் தபால். தொலைத்துவிடாதே, வேறு பிரதி இல்லை.

நம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் அப்பாவு ஐயாவை நினைவிருக்கிறதா? வரிசையில் நிற்க வைத்து நம் வாயில் குவினைன் ஊற்றுவாரே, அவர். ஓய்வு பெற்றுப் புந்தோங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே போய் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "பழம்னு எப்படிச் சொல்றே?" என்றார். "அதைத்தான்யா கண்டுபிடிக்கணும்" என்றேன். உள்ளே போய்ப் பிரஷர் பார்க்கும் பெட்டியை எடுத்து வந்தார். "மொதல்ல இதைப் படி" என்றார்.

படித்தேன். கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, குழாயைக் காதில் வைத்து, சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும். ஒன்பது நாள் என் காதில் ஒன்றும் விழவில்லை. பத்தாம் நாள் விழுந்தது. அப்புறம் அவர் ஒரு காதிலும் நான் ஒரு காதிலும் வைத்து ஒரே எண்ணைச் சொல்லும்வரை விடவில்லை.

முதலில் அத்தைக்கு இரண்டு வாரம் மாத்திரை மட்டும், பழம் இல்லை. காலையில் மாத்திரைக்கு முன் நூற்று ஐம்பது, ஒரு மணி நேரம் கழித்து நூற்று முப்பது. தினமும் ஏறக்குறைய அதேதான். அடுத்து மாத்திரையோடு பப்பாளி. நூற்று முப்பதுதான். நான் மாத்திரை இல்லாமல் ஒரு முழு லிமாவ் பாலி தின்று பார்த்தேன், எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பத்துமலை அண்ணனும் பிரஷர்காரர், ஆனால் அவருடையது வேறு மாத்திரை. அவர் பல வருடமாகப் பழம் தின்கிறார். தின்ற நாளும் தின்னாத நாளும் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

பாக்கி இருந்தது அத்தையின் மாத்திரையும் பழமும் சேர்ந்தால் என்ன என்பதுதான். அது வேண்டாம் என்று அப்பாவு ஐயா சொல்லிவிட்டார். "விழுந்த பொம்பளையை மறுபடி விழ வெக்கிறதா? பாவம் பிடிக்கும்லா" என்றார். எனக்கும் மனசு வரவில்லை. அத்தைதான் விடவில்லை. "ரெண்டு மாத்திரை முழுங்குன கெழவின்னு ஆஸ்பத்திரியே என்னைப் பேசுது. நான் பொய் சொல்றவளா? கொண்டாடி பழத்தை" என்று பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். கடைசியில் ஐயா, அரைப் பழம்தான், எழுந்திருக்கக் கூடாது, தானும் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தோம். நூற்று ஐம்பது. நூற்று இருபது. நூற்று நான்கு. தொண்ணூற்று இரண்டு. "போதும்" என்று ஐயா காலுக்குத் தலையணை வைத்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டே, "என்ன சொல்லுது பெட்டி? நான் பொய்யா, அது பொய்யா?" என்று கேட்டார்.

நடுவில் ஒரு வாரம் சும்மா விட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்தோம். அந்த முறை பழம் முதல் நாள் சாயங்காலமே தின்றது. மறுநாள் மாத்திரைக்கு அப்புறம் அப்போதும் இறங்கியது, தொண்ணூற்று எட்டு. அதோடு நிறுத்திவிட்டோம். இனி எத்தனை பேர் கேட்டாலும் அத்தைக்குப் பழம் கிடையாது.

நோட்டை எடுத்துக்கொண்டு ஈப்போ டாக்டரிடம் போனேன். நோட்டின் மேலட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெளியே நிறைய பேர் காத்திருந்தார்கள்.

நீ முழுவதும் படி. படித்துவிட்டு எங்கே தப்பு என்று சொல்.

மங்களம்

பினாங்கு
20.7.1985

அன்புள்ள மங்களம்,

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை தப்பைத் தேடித்தான் படித்தேன், ஒத்துக்கொள்கிறேன். பப்பாளிப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். பப்பாளியையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்காமல், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாய். பயிற்சி என்று உனக்கு எழுதினேனே, அந்த வரியை நான் எழுதாமல் இருந்திருக்க வேண்டும். "நான் பொறுப்பு" என்றும் எழுதினேன். அத்தை விழுந்தபோது அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அத்தையிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இங்கே மருந்துக் கடையில் பல்கீஸ் என்று எனக்குத் தெரிந்தவள் இருக்கிறாள், லண்டனில் மருந்தியல் படித்தவள். நோட்டைக் காட்டினேன். நகத்தைக் கடித்துக்கொண்டே வாசித்தாள். "உடம்பு ஒவ்வொரு மாத்திரையையும் உடைச்சு வெளிய அனுப்பிக்கிட்டே இருக்கும்லா. இந்தப் பழம் அந்த வேலையைத் தடுக்குதுன்னு வெச்சுக்க. அப்ப ஒரு மாத்திரை உள்ள போனாலும் மூணு போட்ட மாதிரி ஆயிடும். இது என் ஊகம்தான், எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றாள். அப்படியானால் மூன்று மாத்திரை விழுங்கினாயா என்று கேட்ட டாக்டர் அளவைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அத்தையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அது நாங்கள் பிரித்தெடுக்கும் நரிஞ்சினா, பழத்தில் இருக்கும் வேறு ஏதோ ஒன்றா, தெரியாது. அதைச் சொல்ல உன் நோட்டும் போதாது, எங்கள் எலிகளும் போதாது. எலிகளுக்கு நாங்கள் எந்த மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்ததே இல்லை.

ஜஹாங்கீர் சாரிடமும் காட்டினேன். "ஒரே ஒரு பொம்பளை. இது சாட்சி ஆகாது" என்றார். அது நியாயம்தான். ஆனால் உடனே, "வானொலியில இதைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது" என்றார். அது எப்படி நியாயமாகும் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் வேலை வருடாவருடம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கும் வேலை. கையெழுத்துப் போடுபவர் அவர்.

வானொலிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. யோசிக்கிறேன்.

சக்கீனா

சிம்பாங் பூலாய்
5.8.1985

அன்புள்ள சக்கீனா,

உன் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். "லண்டன்ல படிச்ச புள்ளையே நான் பொய் சொல்லலைன்னு சொல்லிடுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். உன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. இப்போது பாதி போய்விட்டது.

பழைய அட்டை இருந்த இடத்தில் வேறு அட்டை தொங்குகிறது. "பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்களிடம் கேட்டுவிட்டுப் பழம் வாங்கவும்" என்று தமிழிலும் மலாயிலும் நானே எழுதினேன். சீனத்தில் தவுக்கே எழுதிக் கொடுத்தார், அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்.

வியாபாரம் விழுந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். "ஒன் அட்டையைப் பாத்துட்டு எங்க கடையிலயும் வண்டி நிக்க மாட்டேங்குது" என்றார்கள். சன்னாசியும், "ஊருக்கே நீதான் டாக்டரா? எடுத்துடு" என்றார். நான் எடுக்கவில்லை. அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குவாரியில் கூட வேலை செய்யும் ஒருவரை அழைத்து வந்து, "இவங்கம்மாவும் மாத்திரை சாப்பிடுறாங்களாம். எந்த மாத்திரைன்னு பாத்துச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

பழம் கெட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அது நல்ல பழம். நீ சொல்லும் நன்மையும் அதில் இருக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும். இவ்வளவுதான் நான் சொல்வது.

உன் வேலையை விடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வானொலியில் பேசாமலே இருந்துவிடு, அதுகூடப் பரவாயில்லை. ஆனால் பேசப் போனால் நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதே. தோட்டத்தில் இன்னும் எத்தனை அத்தைகள் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

மங்களம்

பினாங்கு
27.9.1985

அன்புள்ள மங்களம்,

நீ கேட்டாயா, வானொலி அங்கே தெளிவாக எடுத்ததா என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுதிக்கொண்டு போன தாளை ஜஹாங்கீர் சார் முன்பே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதில் இருந்ததை வரி விடாமல் படித்தேன். நரிஞ்சின் என்றால் என்ன, எலிகளுக்கு என்ன ஆயிற்று என்று. "செய்யும்" என்று இருந்த இடத்திலெல்லாம் "செய்யலாம், இன்னும் தெரியாது" என்று படித்தேன். தாள் முடிந்தது. நேரம் இன்னும் இருந்தது. நிகழ்ச்சி நடத்தும் அம்மா, "நேயர்களுக்கு வேறு ஏதாவது?" என்றார்.

சொன்னேன். பேராக்கில் பழம் விற்கும் ஒரு பெண் பார்த்துக் கண்டுபிடித்தது என்று தொடங்கினேன். ஒரு வகைப் பிரஷர் மாத்திரையோடு பம்பளிமாஸ் சேர்ந்தபோது ஒருவருக்குப் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கியது, ஒருவருக்குத்தான் பார்த்திருக்கிறோம், ஏன் என்று எங்களுக்கே தெரியாது, மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்கும்வரை பழத்தை நிறுத்துங்கள், இப்படி யாருக்காவது ஆகியிருந்தால் எனக்கு எழுதுங்கள் என்று சொல்லி என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை, உன்னைக் கேட்கவில்லை என்பதால். அடுத்த முறை சொல்வேன்.

மறுநாள் ஜஹாங்கீர் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தையும் திட்டவில்லை. வேலை டிசம்பரோடு சரி என்றார். எலிக் கூண்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது அழுதேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன், பசித்தது, சாப்பிட்டேன். பல்கீஸ் தன் மருந்துக் கடைக்கு வரச் சொல்கிறாள். ஜனவரியில் சேருவேன், இன்ஷா அல்லாஹ்.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று ஒரு கடிதம் வந்தது, ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து. காளியம்மா என்று கையெழுத்து. அவர் வீட்டுக்காரர் சின்னையா, மீன் படகில் வேலை. அவருக்கும் ஈப்போவில் பிரஷர் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். போன மாதம் படகுத்துறையில் மயங்கி ஆற்றில் விழுந்து, நல்லவேளை இழுத்துப் போட்டுவிட்டார்கள். "குடிச்சிருக்கான்னு எல்லாரும் சொன்னாங்க. அவர் சொட்டுக்கூடக் குடிக்க மாட்டார். ஆனா லிமாவ் பாலி இல்லாம அவருக்குச் சோறு இறங்காது" என்று எழுதியிருக்கிறார். மாத்திரை அட்டையின் மேல் தாளைக் கிழித்துக் கடிதத்தோடு வைத்திருக்கிறார், எல்லாவற்றையும் இதோடு உனக்கு அனுப்புகிறேன்.

அத்தையின் மாத்திரைதான், மங்களம்.

சக்கீனா

சிம்பாங் பூலாய்
4.10.1985

அன்புள்ள சக்கீனா,

வானொலி கேட்டோம். கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு அப்பாவு ஐயாவையும் வரவழைத்தேன். "பழம் விற்கும் ஒரு பெண்" என்று நீ சொன்னதும் ஐயா எழுந்து ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தார். என் பெயரை நீ சொல்லலாம். கருப்பம்மாள் பெயரையும் சேர்த்துச் சொல்.

வேலை போனதைப் படித்ததும் என்னால் எழுத முடியவில்லை, அதனால்தான் ஒரு நாள் தாமதம். மிச்சம் இருந்த பாதிக் கோபமும் போய்விட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஹுத்தான் மெலிந்தாங் கடிதத்தை ஐயாவிடம் காட்டினேன். "ஒருத்திங்கிறது இப்ப ரெண்டு பேர் ஆயாச்சு" என்றார். சின்னையா அண்ணனை உடனே பழத்தை நிறுத்தச் சொல்லிக் காளியம்மாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தாதே என்றும் அதில் போட்டிருக்கிறேன். அவருக்குப் பழம் கொடுத்துப் பார்க்கப் போவதில்லை. அத்தை பட்டது போதும். எந்த நாளில் தின்றார், எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது தலை சுற்றியது என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். இப்போது மாத்திரை மட்டும் போடும்போது பிரஷர் எவ்வளவு என்று பார்ப்பேன். ஐயா பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டார். புதிய நோட்டு வாங்கிவிட்டேன். இரண்டு நோட்டையும் சேர்த்து ஈப்போ டாக்டரிடம் கொண்டுபோகப் போகிறேன். எத்தனை பேர் வெளியே காத்திருந்தாலும் அவர் பக்கம் புரட்டிப் படிக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

12-ஆம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் தெலுக் இந்தான் வழியாக ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போகிறேன். நீயும் என் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு பினாங்கிலிருந்து வந்துவிடு. மருந்து விஷயம் கேட்டால் பதில் சொல்ல நீ வேண்டும். நான்தான் போகிறேன், கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அத்தையிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நேற்றே புடவையை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

"குடிச்சுட்டு விழுந்தான்னு ஊரே பேசுற ஆளு, நீங்க போய்க் கேட்டா எதுவும் சொல்ல மாட்டான்லா" என்கிறார். "என் கையைக் காட்டி நான் கேக்கிறேன். என்கிட்டச் சொல்லுவான்."

மங்களம்